துக்க வீட்டில் சொல்லக்கூடாதது

துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. எங்கள் நன்னிலம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சொன்னால் அந்த வீட்டுக்குத் துக்கம் திரும்ப வருமாம். அதனால் என் கணவர் இறந்தபோது வந்த சனமெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாய் திறக்காமல் எழுந்து போனது. காரியம் முடிந்ததும் மகனும் குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டான். சொல்லாமல் போனவர்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கைப்பம்புச் சத்தம் ஆரம்பித்தது. சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் அவர் கொல்லையில் பம்படித்துக் கால் கழுவுவார். அதே நேரத்துக்கு, அதே அவசரத்தோடு சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால் பம்பு சும்மா நிற்கும். தரை காய்ந்து கிடக்கும். மகனிடம் வீடியோ காலில் சொன்னேன்.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்றான்.

பிறகு யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் பைத்தியம் என்று பெயர் வாங்க எனக்கென்ன தலையெழுத்தா? ஆனால் பொழுது சாய்ந்தாலே டிவியை அலறவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அறுவடை மெஷின்கள் வயலில் இறங்கியிருந்த சமயம், அடுத்த தெருவில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவியைக் கடையில் பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான் பழக்கம். போனேன், பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்திருக்கும்போது வாய் தவறி, "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. இறந்தவரின் அக்கா, "வயசாச்சே ஒழிய வெவரம் இல்ல," என்று என் காதுபடவே சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் அந்தத் தெருவையே தவிர்த்தேன். கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் யாருக்கு ஒன்று என்றாலும் பழி என் தலையில்தான் விழும் என்று பயம். அங்கே காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, பால் ஊற்றும் பெண், "அந்தக்கா ஒங்கள வரச் சொன்னாங்க," என்றாள். சண்டைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தது இறந்தவரின் மனைவி. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"ஏங்க இவ்ளோ நாளு? வரேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானே. தெனம் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

உள்ளே போய் ஈசிசேரில் உட்காரப் போனேன். அவர் சட்டென்று கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அதுல வேணாங்க. அவரு இருக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொன்னா சிரிப்பீங்க."

காலி நாற்காலியைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"எங்க வீட்ல கொல்லையில இருக்காருங்க. பம்படிக்கிறாரு," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிடித்த கையை விடவில்லை. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இருவரும் தரையிலேயே உட்கார்ந்தோம்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்.