மேலத்தெரு என்றால் எந்த மேல்?

1. ஜேசிபி வந்துவிட்டது

ஜேசிபி வந்துவிட்டது. குப்பம் டவுனிலிருந்து விடிந்ததும் கிளம்பி, குடுபல்லி தாண்டி, சின்னப்பாறைப்பள்ளி மண்சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது வந்து நின்றபோது ஊரே கூடிவிட்டது. மேலத்தெரு முனையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு சதுரம் போட்டிருந்தோம். அதைத் தோண்டினால் புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு அஸ்திவாரம். தோண்டப்போகிற இடம் தப்பு என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது, இன்ஜினியருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியும். ஆனால் தனக்குத் தெரியும் என்பது ஊருக்கே தெரியாது.

சித்தூர் ஜில்லாவில் கம்யூனிட்டி கோஆர்டினேட்டராக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் நான். அவ்வளவு நீளமான பதவி யார் வாயிலும் நுழையாததால் ஜனங்கள் என்னை ‘சிசியம்மா’ ஆக்கிவிட்டார்கள். ஊரைக் கூட்டி உட்காரவைத்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று ஊர் வாயாலேயே சொல்லவைத்து, அதைத் திட்டமாக்கி மேலே அனுப்புவதுதான் வேலை. சொல்ல சுலபம். ஒரு கூட்டத்தை நடத்திப் பார்த்தால் தெரியும், கல்யாணத்தை நடத்துவதே பரவாயில்லை என்று.

இப்போது திருப்பதியில் அலிபிரிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவ்வப்போது வந்து அனுபவம் கேட்பார்கள். காபி ஆறுவதற்குள் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவேன். அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உட்கார்ந்து பேச வராது, எழுந்துவிடுவேன்.

2. கோலப்பொடியில் ஊர்

முதலில் கூட்டத்தைச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. திட்டம் போட நாங்கள் காகிதத்தை எடுப்பதே இல்லை. பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து, “உங்க ஊர வரைங்க” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் தரையில் ஊர் வந்துவிடும். மஞ்சள் பொடியில் தெரு, பச்சையில் வயல், நீலத்தில் ஓடை. கடைசியில், எந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் வரவில்லையோ அங்கே ஒரு கூழாங்கல் வைக்கச் சொன்னேன்.

கீழத்தெரு முழுக்கக் கூழாங்கல். மேலத்தெருவில் ஒன்றுகூட இல்லை.

அவ்வளவுதான், சண்டை பற்றிக்கொண்டது. ஆரம்பித்துவைத்தவள் நாகம்மா. கீழத்தெருவின் கோடியில் வீடு, இரண்டு கறவை மாடு, பால் ஊற்றித்தான் பிழைப்பு. அதில் ஒன்று சினை. சீமை மாடு குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டா? அத்தனையையும் மேலத்தெருக் குழாயில் பிடித்து இடுப்பில் சுமந்தே கொண்டுபோனாள். இடுப்பு விட்டுப்போய், சினைமாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தாள்.

“எங்க தண்ணிய யார் உறிஞ்சறாங்கன்னு எனக்குத் தெரியும்” என்று மேலத்தெரு முனிரத்தினத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ராவானா மோட்டார் போடறது எங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சிக்கினு இருக்கறாங்க.”

முனிரத்தினம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “எந்த மோட்டாரு? வா, வந்து ஊட்டப் பாரு! எங்க ஊட்ல மிக்சியே ஓடல, இவளுக்கு மோட்டார் சத்தம் கேக்குதாம்!”

எங்கள் இன்ஜினியரிங் அசிஸ்டன்ட் சுரேஷ், கோஸ்தா என்கிற கடலோர ஆந்திராப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளை. வேலையில் சேர்ந்து ஒரு வருஷத்தில் தமிழ் பிடித்துக்கொண்டான், கெட்டிக்காரன். கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, என் காதருகே யோசனையாகச் சொன்னான்.

“மேடம், பைவீதிக்கே தண்ணி ஏறுது, கிந்த வீதிக்கு எறங்கல. அப்டின்னா நடுவுல லீக் உண்டாலி, இல்ல நிஜமாவே மோட்டார் உண்டாலி.”

தெலுங்கில் ‘பை’ என்றால் மேலே, ‘கிந்த’ என்றால் கீழே, ‘உண்டாலி’ என்றால் இருக்கணும். மேலத்தெரு அவனுக்குப் பைவீதி ஆகிவிட்டது. எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. எங்கள் பக்கம் பாதி ஊரில் மேற்கே மேடு, கிழக்கே சரிவுதான்.

ஆக, திட்டம் தயார். தூண் நிறுத்தி உயரமாகக் கட்ட ஃபண்டு பத்தாது. மேடான இடமாகப் பார்த்துத் தரையிலேயே தொட்டியை உட்காரவைத்து, கீழத்தெருவுக்கென்று தனி லைன் போட்டுவிட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். மேலத்தெரு முனையில் புறம்போக்கு நிலம் இருந்தது. எஸ்டிமேட் போட்டோம், சாங்ஷன் வந்தது. மார்ச்சுக்குள் முடித்து பில் போடாவிட்டால் ஃபண்டு திரும்பிப் போய்விடும். கீழத்தெரு ஜனங்கள் மட்டும், “தொட்டியும் அவங்களுக்கே” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

3. கால் முளைத்த தண்ணீர்

இனி ஜேசிபிக்கு வருவோம். டிரைவர் வாளியை இறக்கப்போகிற நேரம், நாகம்மா இடுப்பில் குடத்தோடு குழாயடியிலிருந்து வந்தாள். சதுரத்தைப் பார்த்ததும் நின்றாள்.

“கட்டுங்க, நல்லா கட்டுங்க. இருக்கறவங்களுக்கே இன்னும் ஊத்துங்க.”

சுரேஷ் பொறுமையாக அருகே போனான். “கோபம் வேணாம்மா. டேங்க் மேல இருந்தா, நீளு, அதான் தண்ணி, தானா உங்க கிந்த வீதிக்கு எறங்கி வந்துடும்.”

“எது, எறங்கி வருமா?” நாகம்மா குடத்தை நச்சென்று தரையில் வைத்தாள். “இந்தக் கொடத்த தூக்கிக்கினு எங்க தெருவுக்கு ஏறிப் போறதுக்குள்ள எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நீ கட்டற தொட்டித் தண்ணிக்கு மட்டும் கால் மொளச்சு ஏறிக்கினு வருமா சாரு?”

சுரேஷ் சிரிக்கப்போனவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

“ஏறியா? ஏன் ஏறணும்? இது மேலத்தெரு. இதுதானே எத்து?”

“எத்துன்னா?”

“ஒசரம்!”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முனிரத்தினம்தான் விளக்கினார். “மேக்கால இருக்கறதால மேலத்தெரு சாரு. ஒசரத்துக்கு இல்ல. இது பள்ளம். மழ பேஞ்சா கீழத்தெருத் தண்ணி முச்சூடும் எங்க வாசல்லதான் வந்து நிக்கும். ஓடையே எங்க பின்னாலதான ஓடுது!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடை! நீலப் பொடியில் மேலத்தெருவுக்குப் பின்னால் அழகாக வளைத்து வரைந்திருந்தார்களே! ஓடை எங்காவது மேட்டில் ஓடுமா? இந்த ஊருக்கு எத்தனை தடவை வந்திருக்கிறேன். எல்லாம் ஸ்கூட்டியில். ஸ்கூட்டிக்கு மூச்சு வாங்காதே!

“இத ஏன் ஒருத்தரும் சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க யாரும் கேக்கலியே சிசியம்மா” என்றார் முனிரத்தினம். “பள்ளம் பள்ளமா இருக்குதுன்னு யாராச்சும் சொல்லிக்கினு இருப்பாங்களா?”

சுரேஷ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஜேசிபிக்கு முன்னால் ஓடினான். “ஆப்பண்டி! ஆப்பண்டி! நிறுத்துங்க!”

4. நெஞ்சு, இடுப்பு

லெவல் பார்க்கிற மிஷினை டிவிஷன் ஆபீஸிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும். ஜேசிபிக்கோ வாடகை ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் டியூப் லெவல் இருந்தது. பார்த்திருப்பீர்கள், உள்ளே தண்ணீர் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையையும் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரை எந்தப் பக்கம் ஏறியிருக்கிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் தரைக்குக் கிட்டே தெரியும்.

ஒரு முனையை சுரேஷ் பிடித்தான். மறுமுனையை, யாரும் கேட்காமலே, நாகம்மா பிடுங்கிக்கொண்டாள்.

“எனக்கு நெஞ்சுக்கு நிக்குது” என்று சுரேஷ் கத்தினான். “உங்களுக்கு?”

“இடுப்புக்கு!”

அப்படியென்றால் தரை ஏறுகிறது. சுரேஷ் அவள் நின்ற இடத்துக்கு ஓடினான், அவள் குழாயை இழுத்துக்கொண்டு முன்னே போனாள். மறுபடி நெஞ்சு. மறுபடி இடுப்பு. மூன்றாவது தடவைக்குள் ஊருக்கே வித்தை பிடிபட்டுவிட்டது. சுரேஷ் நிற்கும்போது ஒரு கூட்டம் “நெஞ்சு!” என்று கத்தும், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் “இடுப்பு!” என்று பதில் கத்தும். கங்கம்மா ஜாத்திரையில்கூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் உண்டு. நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன், என் வயசுக்கு அது ஓட்டம்தான்.

பாதி வழியில் முனிரத்தினம் சொன்னார்: “இப்பத் தெரியுதா, எவன் மோட்டார் வெச்சான்னு? பள்ளத்துக்குத் தண்ணி தானா வந்துச்சு தாயி!” நாகம்மா குழாயை மட்டும் இன்னும் வேகமாக இழுத்தாள்.

கடைசியில் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் நெஞ்சு, நெஞ்சு. அதைத் தாண்டினால் அவள் பக்கம் தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. அதாவது தரை இறங்க ஆரம்பித்துவிட்டது. ஊரிலேயே உயரமான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் தட்டுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

நாங்கள் நின்றது நாகம்மாவின் மாட்டுக்கொட்டகை வாசலில்.

5. கொட்டகை நடந்தது

சினைமாடு எங்களைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது. சுரேஷ் என்னைப் பார்த்தான். நான் நாகம்மாவைப் பார்த்தேன். தண்ணீர் வந்தால்தான் அவளுக்கு மாடு நிற்கும். ஆனால் தொட்டி வந்தால் மாடு நிற்க இடம் இல்லை.

“சொல்லு நாகம்மா, வேற எடம் பாக்கலாமா?” என்றேன்.

“வேற எடத்துல தண்ணி ஏறுமா?”

“கோடி வீடுங்களுக்கு ஏறாது” என்றான் சுரேஷ், மறைக்காமல்.

அவள் கொட்டகைக் கம்பத்தைத் தட்டிப் பார்த்தாள். “எடுத்துக்குங்க. எங்க நைனா போட்ட கொட்டாய் இது. பரவால்ல, எடுத்துக்குங்க. ஆனா மாட்ட எங்க கட்டட்டும்? என் தலையிலயா?”

பின்னால் கொள்ளு விதைத்து அறுத்த காலி நிலம் ஒன்று இருந்தது. அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள்.

முனிரத்தினம் தொண்டையைக் கனைத்தார். “நீ சொன்ன மோட்டார் பேச்சு இன்னும் என் காதுல கேட்டுக்கினேதான் இருக்குது. இருந்தாலும் அந்த ஓரத்துல கட்டிக்க. வாயில்லா ஜீவன் என்னா பண்ணுச்சு?”

“மாமா” என்றாள் நாகம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அழ யாருக்கு நேரம் இருந்தது? ஜேசிபி உறுமிக்கொண்டு நிற்கிறது!

கொட்டகையைப் பிரித்துக் கட்டினால் பொழுது போய்விடும் என்று கூரையை அப்படியே தூக்கிவிட்டார்கள். கம்பத்துக்கொரு ஆளாக மேலத்தெருவும் கீழத்தெருவும் கலந்து தோள் கொடுத்தன. “தூக்கு! தூக்கு! பாத்து, வரப்பு!” கூரை ஆடி ஆடி நிலத்துக்குள் நடந்தது. சுரேஷும் ஒரு கம்பத்தைப் பிடித்திருந்தான், சட்டை முழுக்க ஒட்டடை. பின்னாலேயே மாடும் தன் வீடு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு போயிற்று.

சாயங்காலத்துக்குள் அஸ்திவாரம் தோண்டி முடித்தாயிற்று.

6. வால்வைத் திறந்த அன்று

மார்ச் முடிவதற்குள் தொட்டி எழும்பிவிட்டது. இடம் மாறியதற்காக எஸ்டிமேட்டைத் திருத்தி ஒப்புதல் வாங்க நானும் சுரேஷும் மண்டல ஆபீஸுக்கு அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம், ஆனால் அது சுவாரசியமாக இருக்காது.

வால்வைத் திறந்த அன்று கீழத்தெருவில் எல்லாரும் அவரவர் குழாயடியில் குடத்தோடு நின்றார்கள். முதலில் காற்று சீறியது, அப்புறம் செம்மண் தண்ணீர், அப்புறம் பளிங்காகத் தண்ணீர். நாகம்மா மட்டும் குடம் வைக்கவில்லை. குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, அதன் மறுமுனையைப் புதுக் கொட்டகையில் இருந்த மாட்டுத் தொட்டியில் விட்டிருந்தாள். மாடு மோந்து பார்த்தது. அப்புறம் தலையைக் கவிழ்த்துக் குடித்தது, நிமிரவே இல்லை. கன்றுக்குட்டி பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. மாட்டை அவள் விற்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊரை நடந்து பாருங்கள், முடிந்தால் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு வார்த்தை புரிந்துவிட்டது என்று தோன்றினால் இன்னொரு தடவை கேளுங்கள். சுரேஷ் இப்போது வேறு மண்டலத்தில் இருக்கிறான். எந்த ஊரில் யார் ‘மேல’ என்று சொன்னாலும் உடனே, “சூரியன் விழற மேலயா, தண்ணி விழற மேலயா?” என்று கேட்கிறானாம்.

தண்ணீர் வந்த அன்றைக்கு நான் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது நாகம்மா ஒரு செம்பு பாலோடு ஓடிவந்தாள். “துன்னாம போறியே சிசியம்மா, இதையாச்சும் குடி” என்று கையில் திணித்துவிட்டு, மேலத்தெருப் பக்கம் திரும்பி, முனிரத்தினத்துக்குக் கேட்கிறமாதிரி உரக்கச் சொன்னாள்:

“மாமா! இத்தினி நாளா கீழத்தெரு கீழத்தெருன்னு கூப்ட்டுக்கினு, மேல ஒக்காந்துக்கினு இருந்தவங்க நாங்கதான்! இனிமே எங்க தெருவுக்கு வந்தா, ஏறி வா!”