கிரீஸ் பூசிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்புவது, கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போன மாமியாரைத் திரும்ப அழைத்துவருவது மாதிரி. முதல் அழைப்புக்கு வராது. சுவிட்சைப் போட்டால் உள்ளே மின்விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும். அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி போட்டால் 'பீப்' என்று நீளமாக அழும். பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் சில நாள் மனது வைக்கும், சில நாள் அதற்கும் மசியாது. கொஞ்ச நாளாக இந்தப் பிகு கூடிக்கொண்டே போயிற்று.

தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கு என்று சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரருடைய ஜிபிஎஸ் கருவிக்கும் அதே வயசு. அதன் தடித்த வயர் புது இயந்திரம் எதிலும் சேராது. பழசுக்குப் பழசு துணை என்று இரண்டையும் வைத்திருந்தோம்.

அவர் சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில் சங்கு கிடக்கிற மேட்டை எங்கள் பக்கத்தில் பார் என்போம். அது இருக்கும் இடத்தை இந்தக் காலத்தில் ஜிபிஎஸ்ஸில் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்கிறார்கள். கடல் எல்லாருக்கும் பொது. கண்டுபிடித்த பார் மட்டும் கண்டவனுக்குச் சொந்தம். எங்கள் புன்னைக்காயலில் கட்டினவளிடம் நகை அடகுக்குப் போன கதையைக்கூடச் சொல்லிவிடுவார்கள், கூடப்பிறந்தவனிடம் பார் இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். கருவியில் புள்ளியை விட்டுவைத்தால் படகுக்கு வருகிற ஆள் பார்த்துக்கொண்டு அடுத்த வாரம் வேறொரு படகில் அங்கே போய் நிற்பான். அதனால் கரைக்கு வந்ததும் அவர் புள்ளிகளை என்னிடம் கொடுப்பார், நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன், பிறகு கருவியில் அழித்துவிடுவார். மறுபடி போகும்போது, போகிற பாரை மட்டும் நான் கருவியில் இறக்கிக் கொடுப்பேன். எண்களை மனதில் வைத்துக்கொள்ளாதே என்பது அவர் உத்தரவு. அப்படி ஒன்றும் வைத்துக்கொள்ளத் தகுந்த எண்களாகவும் அவை எனக்குத் தோன்றியதில்லை.

அன்றைக்கு அவரும் ஒரு கூட்டாளியும் விடியுமுன் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிற தொழில் அது. குழம்பு ஆறியது. கச்சான் காற்று எழும்பி, முற்றத்தில் காயப்போட்டிருந்த துணிகளைக் கொடியோடு சுருட்டியது. கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. இன்ஜின் நின்றுபோன படகை அது இலங்கைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும்.

வாசலில் அவருடைய அண்ணன் வந்து நின்றார். அவரும் சங்கு குளிக்கிறவர்தான். அண்ணன் தம்பிக்குள் விரோதம் ஒன்றும் கிடையாது. கோயில், கல்யாணம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் சேர்ந்து போவார்கள். கடல் பேச்சு வந்தால் மட்டும் இருவரும் ஊமையாகிவிடுவார்கள்.

"எம்மா, தம்பி வந்துட்டானா?"

"இல்லையே அத்தான். ஒங்க போனுக்கும் வரலையா?"

"வயர்லெஸ்லயும் கூப்பிட்டுப் பாத்தாச்சு, பதில் இல்ல. தெரிஞ்ச பாருக்கெல்லாம் நம்ம படகுகள அனுப்பிப் பாத்துட்டேன், அங்கன எங்கயும் அவன் இல்ல. எந்தப் பாருக்குப் போறேன்னு சொன்னான்?"

பெயர் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் நாங்கள் அதை அடுப்புப் பார் என்போம், அவ்வளவுதான். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கடலில் இருக்கிறது என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

"எடம் தெரிஞ்சாப் போதும்" என்றார் அத்தான். "இன்ஜின் எப்ப நின்னுருக்கும், காத்து எப்படி, நீவாடு எப்படின்னு கணக்குப் போட்டுப் பிடிச்சிரலாம். எடம் தெரியாமப் போனா எங்கன போயித் தேடுவேன்? இருட்டிட்டுன்னா ஒண்ணும் செய்ய முடியாது."

நீவாடு என்பது கடலின் ஓட்டம். இருட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டாம், அவர் முகமே விளக்கியது. நான் உள்ளே ஓடினேன்.

சுவிட்சைப் போட்டேன். பெருமூச்சு. அணைத்தேன், போட்டேன். பீப். தட்டினேன். பீப். மறுபடி தட்டினேன், பீப் கூட இல்லை. திரைக்குக் கீழே ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்தது, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல.

சாயர்புரத்தில் படித்த காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருக்கிறேன். அங்கே சொல்லிக்கொடுத்ததெல்லாம் கிளம்பிய கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான். தூத்துக்குடியில் இதை அவ்வப்போது பார்க்கிற கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"எல்லா வயரையும் கழத்திட்டு மாட்டுங்கக்கா" என்றார். மாட்டினேன். "ரேம வெளிய எடுத்து, அதோட தங்கக் கலர் பல்ல ரப்பரால தேச்சிட்டுப் போடுங்க." நான்கு திருகாணி கழற்றி, மூடியை இழுத்து, ரேமைப் பிடுங்கி, தேய்த்து, செருகினேன். பீப். "அப்போ போர்டு போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழத்திட்டு இங்கன வாங்க, வேற சிஸ்டத்துல மாட்டி எடுத்துத் தாரேன்" என்றார். பஸ் பிடித்து நான் தூத்துக்குடி போய்ச் சேருவதற்குள் சூரியன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அத்தானை பைக்கில் அனுப்பலாம் என்றால், படகில் போக வேண்டியவரே அவர்தான். போனை வைத்தேன்.

"சனியனே" என்று அதைப் பார்த்துக் கத்தினேன். "தினம் துடைச்சேனே, துணி போட்டு மூடினேனே, இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கெளம்பித் தொலையேன்." கத்திவிட்டு, உடனே மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி கத்தினேன். கத்திய வேகத்தில் கை பட்டு ஒரு திருகாணி உள்ளே விழுந்துவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினேன். திருகாணி விழவில்லை. என்னுடைய அழுகைதான் சத்தமாக வெளியே வந்தது.

ஜன்னலுக்கு வெளியே அத்தான் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். வரவில்லை.

"அவன் எங்கிட்ட மறைச்ச சாமான் அதுல கெடக்கு. நான் எட்டிப் பாக்க மாட்டேன். நீ எடுத்துச் சொல்லு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டிருப்பேன். தம்பி உயிர் அந்தரத்தில் தொங்குகிறது, அண்ணன் மரியாதை பார்த்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். என்ன மனிதர்கள் இவர்கள்!

திருகாணியைத் தேடி விரலை உள்ளே விட்டேன். ரேம் செருகுகிற பள்ளத்தின் அடியில் விரல் வழுக்கியது. வெளியே எடுத்துப் பார்த்தால் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியாதா என்ன? என் வீட்டுக்காரருடைய சட்டை முழுக்க அதுதானே. கிரீஸ்!

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேம் பள்ளத்தில் கிரீஸ். வயர் முனைகளில் கிரீஸ். திருகாணித் தலைகளில்கூட விடாமல் கிரீஸ். அதன் மேல் தூசியும் உப்பும் படிந்து மைக்கூழாகக் கிடந்தது. ரேமின் பல்லைத் துடைத்துத் துடைத்துப் போட்டேனே, பள்ளத்துக் கிரீஸில் அது மறுபடி மறுபடி முங்கி எழுந்திருக்கிறது.

நடந்தது விளங்கிவிட்டது. எங்கள் கரையில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கிரீஸ் பூசுவார்கள். உப்புக்காற்று தின்னாத இரும்பு கிடையாது. படகு பேட்டரி முனைக்குப் பூசுவார்கள், இன்ஜின் பிளக்குக்குப் பூசுவார்கள், சைக்கிள் பூட்டுக்குப் பூசுவார்கள். கம்ப்யூட்டர் கிளம்ப அடம்பிடிக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு, நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் மனிதர் அதைத் திறந்து, பாசமாக, ஒரு முனை விடாமல் பூசி மூடி வைத்திருக்கிறார். பிகு கூடியது அதற்குப் பிறகுதான். கடலில் காப்பாற்றுவது கம்ப்யூட்டரைக் கொல்லும் என்று அவருக்கு யார் சொன்னது?

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்கவில்லை. அவர் திரும்பி வராமல் போனால் இந்தக் கிரீஸ்தான் அவர் எனக்காகக் கடைசியாகச் செய்த காரியம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை உதறிவிட்டு எழுந்தேன்.

பாறை கீறிய காயத்துக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருந்தன. அவருடைய டூத் பிரஷ்ஷை எடுத்தேன், வேண்டுமென்றே அவருடையதைத்தான். ஸ்பிரிட்டில் முக்கிப் பள்ளத்தைத் தேய்த்தேன். கறுப்பாக வந்தது. பஞ்சால் ஒற்றினேன். மறுபடி தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாக வரும்வரை தேய்த்தேன். ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் எல்லாம் புகைந்துவிடும் என்று பயந்து டேபிள் ஃபேனை அதன் வாயருகே வைத்துக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, என் பிள்ளைப்பேற்றில்கூட அப்படி இருந்ததில்லை. சுவரில் வெயில் மஞ்சளாகி ஏறிக்கொண்டிருந்தது. வெளியே அத்தான் நடக்கிற மணல் சத்தம் கேட்டது.

சுவிட்சைப் போட்டேன். பெருமூச்சு. நிற்கவில்லை. தொடர்ந்து சுற்றியது. திரையில் எழுத்து ஓடியது. ஓடி, சும்மா இருக்கவில்லை: நீ என்னை ஒழுங்காக அணைக்கவில்லை, அதனால் டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறேன் என்று நீலத் திரை போட்டது. சோதனையைத் தாண்ட ஏதோ ஒரு பட்டனை அமுக்கச் சொன்னது. கீபோர்டையே கையால் அறைந்தேன். தாண்டியது. மாதாவே, தாண்டியது!

கடல் வரைபடம் மெதுவாகத் திறந்தது. நீலத்தில் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள், அவருடைய இத்தனை வருஷத்து மூச்சும் அங்கே கிடந்தது. அடுப்புப் பாரைத் தொட்டேன். எண் வந்தது. ஜன்னலுக்கு ஓடி, இரண்டு வரி எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அத்தான் அதைத் தன் கருவியில் போடவில்லை. போனில் குறிக்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

"என்ன அத்தான்? வெளங்கலையா? இன்னொரு தடவ சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா" என்றார். "இது என் பாரு."

எனக்குப் புரியவில்லை.

"நானும் அங்கனதான் குளிக்கேன். எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன். அவன் அங்கன போவான்னு எனக்குத் தோணவேயில்ல. தோணியிருந்தா..." மேலே சொல்லாமல் கடலைப் பார்த்து ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதியமே அத்தான் 'எனக்கு ஒரு பார் உண்டு, அங்கேயும் ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே. தம்பி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே இடத்தில், வேறு வேறு நாளில் முங்கி எழுந்துகொண்டு, ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். அதற்காக நான் ஒரு மதியம் முழுக்க ஒரு தகரப் பெட்டியின் காலில் விழுந்து கிடந்திருக்கிறேன்.

கரையில் போய் நின்றேன். ஊர் முழுக்க நின்றது. கூட்டாளியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் கடைசிச் சொட்டாக இருந்தபோது அத்தான் படகு தெரிந்தது, பின்னால் கயிற்றில் இன்னொரு படகு. அதில் இரண்டு தலை. இரண்டு தலையும் அசைந்தன.

இறங்கி வந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, நடக்க முடியாமல் வந்தார் என் வீட்டுக்காரர். இன்ஜின் நின்றுபோய், நீவாடு படகை வெகுதூரம் இழுத்துப் போய்விட்டதாம். தண்ணீர் குடித்ததும் அண்ணனைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "எப்படிண்ணே கண்டுபிடிச்ச?"

அத்தான் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "காத்தையும் நீவாட்டையும் பாத்து சும்மா ஒரு குத்துமதிப்பாத்தான் வந்தேன்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. செத்துப் பிழைத்ததற்கான நிம்மதி அல்ல. பார் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி. அதை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்தேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஏலே, எல்லாவனும் கேட்டுக்கிடுங்க" என்று கத்தி, ஜன்னலில் சொன்னபோதே மனதில் பதிந்துவிட்ட அடுப்புப் பாரின் எண்ணை டிகிரியிலிருந்து கடைசி இலக்கம்வரை சொன்னேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. "இனி இந்த ரெண்டு பேரும் காணாமப் போனா அங்கன போயித் தேடுங்க" என்றேன்.

அண்ணனும் தம்பியும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். அவ்வளவு ஒற்றுமையை நான் அவர்களிடம் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாளே அந்தப் பாரில் படகுகள் நின்றன. மழைக்காலம் வரைக்கும் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை எடுத்துப்போட்டுத் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் வருத்தப்படவில்லை. பேசாமல் இருப்பதற்காவது வீட்டில் ஆள் இருந்தது.