குமிழி நின்ற மதியம்

மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லிவிடுவார் அழகர். அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துப் பம்புசெட் தண்ணீர் இழுக்க மறுத்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். வந்தவுடன் ஸ்பேனரைத் தொடமாட்டார். கையை நனைத்துக்கொண்டு, குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இணைப்பு இணைப்பாகத் தடவிக்கொண்டே போவார். "எங்கேயோ காத்து வாங்குது அப்பு" என்பார். எங்கே என்று விரல் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்படிப்பட்டவர் திண்டுக்கல் டவுனில் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மோட்டார், லைட்டு, ஆக்சிஜன் சிலிண்டர் பார்க்கிற ஆளாக வந்து சேர்ந்தார். கிணறுகள் வற்றிவிட்டன, அதனால் வந்தேன் என்று ஊருக்குச் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் சொல்லாத காரணம் ஒன்று அவர் நெஞ்சுக்குள் கிடந்தது.

1994ஆம் வருஷம், தை மாதம். மனைவி சிவனம்மாளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆண் பிள்ளை. ஒரே ஒரு தடவை அழுதான். பிறகு அழவில்லை, முனகினான். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. "மதுரைக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். வாடகை வேன் பிடித்து, துண்டில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார் அழகர். கொடைரோடு தாண்டி, வாடிப்பட்டி நெருங்கும்போது முனகல் நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று நினைத்தார்.

"மெதுவா ஓட்டப்பா, இப்பத்தான் பய கண்ணசந்திருக்கான்" என்று டிரைவரிடம் சொன்னார்.

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! உயிர் போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தூக்கம் கலையக் கூடாதே என்று பத்து கிலோமீட்டர் போன தகப்பன் அவர். இதைச் சிவனம்மாளிடம்கூட அவர் சொன்னதில்லை. அடுத்து ஒரு மகள் பிறந்து, நல்லபடியாக வளர்ந்து, பள்ளிக்கூடம் போனாள். அப்போதும் சொல்லவில்லை.

2002ஆம் வருஷம், ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாளில், அந்த ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் இளவேனில் சென்னையில் ஒரு பயிற்சி முடித்துத் திரும்பி வந்தார். வந்ததும் அழகரைத்தான் கூப்பிட்டார்.

"மாசம் நிறையாம பிறக்கிற குழந்தைகளுக்கு நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்ன அறைங்க, மூச்சை விட்டதும் ஒட்டிக்குது அழகர். நனைஞ்ச பிளாஸ்டிக் பை ஒட்டிக்குமே, அப்படி. ஒவ்வொரு மூச்சுக்கும் அதைப் பிரிச்சுப் பிரிச்சே குழந்தை ஓய்ஞ்சு போயிடுது. ஒட்டாம இருக்கணும்னா உள்ளே எப்பவும் கொஞ்சம் காத்து தேங்கி நிக்கணும்."

"அதுக்கு மிஷின் வேணுமே டாக்டரம்மா?"

"மிஷின் மதுரையில இருக்கு. நம்மகிட்ட காத்து இருக்கு, தண்ணி இருக்கு, நீங்க இருக்கீங்க."

விஷயம் இதுதான். குழந்தையின் மூக்கில் பொருத்திய மெல்லிய குழாய்க்கு ஒரு பக்கத்திலிருந்து காற்று வரும். வெளியேறும் பக்கத்துக் குழாயின் நுனி, ஒரு பாட்டில் தண்ணீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியிருக்கும். அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியே வர முடியும். தண்ணீர் எதிர்த்து நிற்பதால் நுரையீரலுக்குள் காற்று தேங்கும். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அழகருக்கு இதைப் புரியவைக்க இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். "பத்து சென்டிமீட்டரா இறக்கிட்டா இன்னும் தெம்பா இருக்குமே?"

"பலூன் எவ்வளவு ஊதினா வெடிக்கும்னு பார்க்கிற இடமா இது?" என்று டாக்டர் முறைத்தார்.

அழகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு ஸ்கேலைப் பாட்டிலோடு சேர்த்துக் கட்டி, ஐந்தாம் கோட்டில் குழாய் அசையாதபடி பிளாஸ்திரி ஒட்டினார். மூன்று நாள் வெறுமனே குமிழி விட்டுப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குப் பேகம்பூரிலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. அப்துல் ஹாதி என்ற இளைஞன், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவன், கையில் ஒரு பூந்துவாலைப் பொட்டலத்தோடு ஓடி வந்தான். அவன் மனைவி நுஸைபாவுக்கு அன்று விடியலில் இரண்டு மாதம் முந்திப் பிறந்த பெண் குழந்தை அது. எடை ஒரு கிலோ முந்நூற்றைம்பது கிராம். தாயை ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, மாமனார் சேக் பரீதோடு வந்திருந்தான்.

சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த அழகரின் கால்கள் நடையில் அப்படியே நின்றுவிட்டன. எட்டு வருஷத்துக்குப் பிறகு அதே முனகல்!

டாக்டர் மறைக்காமல் பேசினார். "மதுரை வரைக்கும் தாங்குவாளான்னு எனக்குப் பயமா இருக்கு. இங்கேயே ஒரு வழி இருக்கு, நம்ம அழகர் செட் பண்ணி வச்சிருக்கார். ஆனா இந்த முறையில நாங்க பார்க்கப்போற முதல் குழந்தை இவதான். சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க."

சேக் பரீது பாட்டிலைப் பார்த்தார். "என்ன மாப்ளே இது, மீன் தொட்டியாட்டம் இருக்கு? இதை நம்பி புள்ளையை விடுறதா? கெளம்பு, மதுரைக்கே போவோம்."

ஹாதி டாக்டரைப் பார்க்கவில்லை. சிலிண்டர் பக்கத்தில் நின்ற அழகரைப் பார்த்தான்.

"அண்ணே, இதை நீங்கதான் செட் பண்ணீங்களாமே. உங்க புள்ளையா இருந்தா வைப்பீங்களா?"

அழகர் சிலிண்டரை விட்டு அவன் பக்கம் வந்தார். எட்டு வருஷமாகப் பூட்டிவைத்தது அந்தக் கேள்விக்குத் திறந்துகொண்டது. வேனைச் சொன்னார். வாடிப்பட்டியைச் சொன்னார். டிரைவரிடம் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னார்.

"இது பொழைக்க வைக்கும்னு சத்தியம் பண்ண என்னால ஆகாது தம்பி. ஆனா அன்னைக்கு எனக்கு இப்படி ஒரு பாட்டில் கிடைச்சிருந்தா, நான் அந்த வேன்ல ஏறியிருக்க மாட்டேன்."

சேக் பரீது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஹாதி பொட்டலத்தை நர்ஸ் மகேஸ்வரியிடம் நீட்டினான்.

"வைங்கக்கா."

குமிழி கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் முனகல் அடங்கியது. நீலம் பாரித்த உதட்டில் மெல்லச் சிவப்பு ஏறியது. கண்ணாடிக்கு வெளியே நின்று ஹாதி அழுதான்.

மதியம் இரண்டு மணிக்குக் குமிழி நின்றது.

மகேஸ்வரி காற்றைக் கூட்டிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. குழந்தையின் நெஞ்சுக்குக் கீழே மறுபடியும் குழி விழுந்தது. டாக்டர் ஓடி வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நுரையீரல் கிழிந்திருக்குமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "மகேஸ்வரி, மூச்சு ஊதுற கைப்பம்பை எடு. மதுரைக்குப் போக வண்டிக்கும் சொல்லிடு."

"டாக்டரம்மா, செத்த நேரம் கொடுங்க" என்றார் அழகர்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். ஈரக் கையோடு சிலிண்டரின் வாயிலிருந்து ஆரம்பித்தார். முதல் இணைப்பில் கசிவில்லை. இரண்டாவதிலும் இல்லை. காற்றுக்கு ஈரம் ஏற்றுகிற ஜாடியின் மூடி இறுக்கமாக இருந்தது. பாட்டிலில் தண்ணீர் ஐந்தாம் கோட்டிலேயே நின்றது. குழாய் நெடுக வந்து, கடைசியாக அந்தக் குஞ்சு மூக்கை எட்டினார். அங்கேயும் சரியாகவே பொருந்தியிருந்தது. அதற்கு மேல் தடவ அவருக்குக் குழாய் இல்லை.

அப்போதுதான் பார்த்தார். மூக்குக்குக் கீழே, ஒரு மிளகு நுழையும் அளவுக்கு, அந்தச் சின்ன வாய் திறந்திருந்தது.

"குழாய்ல ஒண்ணுமில்லம்மா! புள்ளை வாயைத் திறந்து வச்சிருக்கு. காத்து அந்த வழியாப் போயிருது!"

டாக்டர் ஒரே ஒரு விரலால் குழந்தையின் தாடையை மெல்ல ஏந்தினார். பாட்டிலில் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு சாரை சாரையாக வந்தன!

"படிச்சதுதான் அழகர்" என்றார் டாக்டர், விரலை எடுக்காமல். "பயத்துல மறந்தே போச்சு."

இவ்வளவு சின்ன முகத்துக்கு, வாயை மூடிப் பிடிக்கும் தாடைப்பட்டி அங்கே இல்லை. மகேஸ்வரி துணி நறுக்கித் தைத்து முடிக்கும் வரை யாராவது விரலால் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். ஹாதியை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் தயங்கினான்.

"என் கை தோல் ஷாப்புக் கை அக்கா. எம்புட்டுக் கழுவினாலும் வாசம் போகாது."

"மூணு தடவை சோப்புப் போடுங்க பாய். அப்புறமும் மிச்சம் இருந்தா அது அப்பா வாசம். புள்ளை தெரிஞ்சுக்கட்டும்."

அவன் சுண்டுவிரலை மகளின் தாடைக்குக் கீழே வைத்தான். பிறந்த பிள்ளையின் காதில் ஓதும் தொழுகை அழைப்பான பாங்கை, காலையிலிருந்து ஓத முடியாமல் தவித்திருந்தவன், குனிந்து, குமிழிச் சத்தத்தை விடவும் மெதுவாகச் சொன்னான். அழகர் தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கக் கை வரவில்லை, இரண்டு கையும் ஈரமாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் சிவனம்மாளிடம் வாடிப்பட்டியைச் சொன்னார். அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "உங்க மடியில, நிம்மதியாத்தானே போயிருக்கான்" என்றாள். அடுத்த நாளிலிருந்து, "அந்த பாய் வீட்டுப் புள்ளை எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்க ஆரம்பித்தாள்.

குழந்தை வந்த ஐந்தாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். இனி தானாகத்தான் மூச்சுவிட வேண்டும். ஒரு மணி நேரம் தாங்கினால் பிழைத்த மாதிரி என்றார் டாக்டர். பாட்டில் அடங்கிக் கிடந்தது. நடையில் ஹாதியும் அழகரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தச் சத்தம் இல்லாம எனக்கு என்னமோ பண்ணுதுண்ணே."

"எனக்கும்தான் தம்பி."

அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹாதி அழகரின் கையைப் பிடித்துக்கொண்டான். முனகலா? இல்லை, இல்லவே இல்லை! வீல் வீலென்று, கோபமாக, உரிமையோடு ஓர் அழுகை.

கதவைத் திறந்து மகேஸ்வரி எட்டிப்பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க என்ன பேச்சு பாய்? மகாராணிக்குப் பசிக்குதாம். ஓடுங்க, அந்த ஆஸ்பத்திரியில இருக்கிற அவங்க அம்மாகிட்ட பால் வாங்கிட்டு வாங்க!"

ஹாதி எழுந்து தலைதெறிக்க ஓடினான். வாசல் பக்கமாக இல்லை, மாடிப்படிப் பக்கமாக. அழகர் பின்னாலேயே ஓடி, அவன் தோளைப் பிடித்து வாசலைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.