மாஸ்கோவுக்குப் போகாத ரஷ்யன்

1. உத்தரவு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் திருவண்ணாமலை அலுவலகத்துக்கு பீரோ அளவில் ஒரு ரஷ்யக் கம்ப்யூட்டர் வந்தது. அமெரிக்க மெஷின் ஒன்றைப் பார்த்துச் செய்தது என்று பேச்சு. பராமரிப்புக்கு நானும் பாஷாவும். ஒருவருக்கு மட்டும் மாஸ்கோவில் பயிற்சி என்றதும் நான் தபாலில் ரஷ்ய மொழி கற்றேன். செங்கம் ரோட்டு டீக்கடையில் ரஷ்ய மொழியில் நன்றி சொல்லி, வெளிநாட்டுக்காரன் மாதிரி சர்க்கரை கம்மியாக வாங்கிக் குடித்தேன்.

உத்தரவு பாஷா பெயருக்கு வந்தது. எனக்குத்தானே பாஷை தெரியும் என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அதாங்க பயமே. பாஷை தெரிஞ்சவரு அங்கயே தங்கிட்டா, இங்க மெஷின யாரு பாக்கறது? பாஷாவுக்கு அந்த ஊரு சோறு ஒத்துக்காது. முடிஞ்ச அன்னிக்கே ஓடியாந்துடுவாரு."

பாஷா மாஸ்கோ போய், கன்னத்தில் சதை போட்டுத் திரும்பினார். பங்குனி வெயிலில் கம்பளித் தொப்பி வேறு. தலை வேகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

2. நாற்பது கால்

கோடையில் மெஷின் நின்றது. நாற்பது கால் கொண்ட ஒரு சிப் போய்விட்டது. ரஷ்யாவிலிருந்து வர மாதங்கள் ஆகும் என்பதால், சென்னையில் அமெரிக்கச் சரக்கு வாங்கி வந்தோம். ஒரு முனை உட்கார்ந்தது. மறுமுனைக் கால்கள் ஓட்டையைத் தாண்டி நின்றன. மாஸ்கோவின் மானம் போகப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் தீபாவளி.

பாஷா கவலைப்படவில்லை. "அமெரிக்காக்காரன் இஞ்சுல செஞ்சான் சார். ரஷ்யாக்காரன் அதப் பாத்து மில்லிமீட்டர்ல செஞ்சுட்டான். காலுக்குக் காலு மயிரிழை கொறஞ்சு போச்சு. நாலு காலுக்குத் தெரியாது, நாப்பதுக்குத் தெரியும்" என்றவர், குறடால் ஒவ்வொரு காலாக உள்பக்கம் வளைத்துச் சொருகினார். மெஷின் ஓடியது.

"மாஸ்கோவுல எந்தப் புஸ்தகத்த வச்சு சொல்லிக் குடுத்தாங்க பாய்?" என்றேன்.

"அமெரிக்காக்காரன் புஸ்தகந்தான், இங்கிலீஷ்ல. நம்ம அலமாரியில தூசி படிஞ்சு கெடக்குதே, அதே."

அடுத்த பயிற்சிக்கும் அவரையே அனுப்பினார்கள். நியாயம்தான். ஒரு தேசத்துக்கு வயிறெரிந்தால், எதிரியின் மெஷினைப் பிரித்து, அளந்து, தனக்கொன்று செய்துகொள்கிறது. நான் இத்தனை வருஷம் வயிறெரிந்தும், பக்கத்து நாற்காலிக்காரரின் கை என்ன செய்கிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, பொறாமைப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படுங்கள். படும்போது அளவும் எடுத்துக்கொள்ளுங்கள்.