ஜினைதா அள்ளிய இரண்டு வாளி சாம்பல்

நார்வா ஊரில் மே மாதம் உருளைக்கிழங்கு நடாதவன் மனிதனே இல்லை. பாத்தியில் சாம்பல் தூவாதவன் அதைவிட மோசம். மின்நிலையத்தில் எண்ணெய்ப் பாறையை எரித்து மிஞ்சும் அந்தச் சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும். ஊரோடு ஒத்து வாழ் என்பது போல, ஜினைதாவும் தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாம்பல் மூட்டையைப் பிரித்து இரண்டு வாளி அள்ளிப் போனாள். மூட்டையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி வைத்தாள். அதைத் திருட்டென்று அவள் நினைக்கவே இல்லை.

பிறகு பத்து நாள் விடாத மழை.

பிளாஸ்டிக்கோடு சாம்பலைக் கலந்து, உருக்கி, ஜன்னல் சட்டமாக இழுக்கும் மெஷினை ஓட்டுவது அவள்தான். இன்று சோதனை ஓட்டம். தலைநகர் தாலினிலிருந்து வந்திருக்கும் மாரெட் அம்மையாருக்குப் பிடித்தால் ஆர்டர் கிடைக்கும். பிடிக்காவிட்டால் தொழிலாளர்கள் முப்பது பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முதல் சட்டம் வந்தது. அம்மை வார்த்த முகம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக.

முதலாளி லெவ் பெத்ரோவிச், கலவை போடும் டெனிஸ் மேல் பாய்ந்தார். டெனிஸ் இரண்டு பிள்ளைக்காரன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"என்னத்தைக் கலந்து தொலைச்ச?"

"அளவு சரியாத்தான் போட்டேன் முதலாளி..."

"சரியாப் போட்டா இப்படியா வரும்? சாயங்காலமே கிளம்பிடு!"

ஜினைதா அந்தக் கொப்புளங்களை உற்றுப் பார்த்தாள். ஈரச் சாம்பல் சூட்டில் ஆவி விட்டால்தான் இப்படிக் கொப்புளிக்கும். டெனிஸ் அவிழ்த்துப் போட்ட அந்தச் சணல் கயிறு அவள் காலடியிலேயே கிடந்தது. வாயை மூடிக்கொண்டால் ஒன்றரை வருடத்தில் பென்ஷன். டெனிஸ் சுத்தமான கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மாரெட் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.

"அவனை விடுங்க," என்றாள் ஜினைதா. "மூட்டையைத் திறந்தது நான்தான். கிழங்குப் பாத்திக்கு ரெண்டு வாளி எடுத்தேன். ஈரம் ஏறிப்போச்சு."

முதலாளி முகம் பீட்ரூட் ஆனது. "உங்களை நம்பித்தானே ஸ்டோர் சாவியைக் குடுத்தேன்!"

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க. பிரிக்காத மூட்டை இருக்கு. அரை மணி நேரம் குடுங்க."

மாரெட் கடிகாரத்தைப் பார்த்தாள். "எங்கம்மாவும் இதைத்தான் பாத்தியில போடுவாங்க," என்றாள் சிரிக்காமல். "சரி, அரை மணி. அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

அந்த அரை மணியும் ஜினைதா யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷினைக் காலி செய்தாள், புது மூட்டையைக் கொட்டினாள், மெஷின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சட்டம் வழவழவென்று வந்தது. மாரெட் நகத்தால் கீறினாள், வளைத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் ஆர்டரில் கையெழுத்துப் போட்டாள்.

ஜினைதாவை அனுப்ப முதலாளிக்குத் துணிவில்லை. அந்த மெஷினின் முனகல் அவளுக்குத்தான் புரியும். ஆனால் சாவி டெனிஸ் கைக்குப் போனது. தினமும் வாசலில் அவள் பையைச் சோதிக்கும் வேலையும் அவனுக்கே.

அன்று சாயங்காலம் டெனிஸ் வாசலில் தலை குனிந்து நின்றான்.

"போங்க ஜினாக்கா. நான் பாக்க மாட்டேன்."

பின்னால் மொத்த ஷிப்டும் நின்றது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை. பையைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"பாருடா. இதுக்காக உன் வேலை போயிடப் போகுது."