வஞ்சிரத்தோடு ஒரு செல்ஃபி

“பத்திரிகைக்கு எந்த போட்டோவைடா குடுத்த?”

காலையில் பல் கூட விளக்கவில்லை. போனில் அன்சாரி. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மஸ்கட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஒரு கட்டு தூண்டில் ராடுகளோடு ஊர் திரும்பியவன். வஞ்சிரம் பிடிக்க என்னைக் கடலுக்கு அழைத்துப் போனவனும் அவன்தான்.

“ஏன், நல்லா இல்லையா? எல்லாரும் பாராட்டுறாங்களே” என்றேன்.

பொய் இல்லை. வஞ்சிரம் பிடிப்பது எப்படி என்று இந்தப் பக்கத்தில் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நெல்லு, வாய்க்கால், முறைத் தண்ணின்னு எழுதுற ஆளு கடலுக்கே போயிட்டீங்களே சார்” என்றார். நான் உச்சி குளிர்ந்து போயிருந்தேன்.

அன்சாரி நேராக விஷயத்துக்கு வந்தான்.

“கலைமணியை அவன் மச்சான் மீன் ஏலக்கூடத்துல எல்லார் முன்னாடியும் வச்சுக் கேட்டுட்டாண்டா. எங்கப்பன் காட்டுன எடத்தை வித்துட்டியான்னு.”

கலைமணி யார் என்று சொல்லிவிடுகிறேன். பூம்புகாருக்குப் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். எந்தப் பக்கம் என்று இந்தத் தடவை எழுதப் போவதில்லை. அங்கே சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். அன்சாரியை நம்பி, என்னையும் படகில் ஏற்றிக்கொண்டவர்.

அன்று நான் கடலுக்குப் போனதே ஒரு கூத்து. எங்கள் வயலில் தோண்டிய மண்புழுவை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எடுத்துப் போயிருந்தேன். வாய்க்காலில் தூண்டில் போட்ட கைக்கு அதுதானே தெரியும்? அன்சாரி பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு, “இதை நீயே வச்சுக்க, பசிச்சா சாப்பிடு” என்றான்.

அப்புறம்தான் பாடம் ஆரம்பித்தது. வஞ்சிரத்துக்கு உயிருள்ள சின்ன கானாங்கெளுத்தி அல்லது கவலை மீன்தான் இரை. ஒரு கொக்கி மூக்கில், இன்னொன்று வால் பக்கம். ஏன் இரண்டு? வஞ்சிரம் முதல் கடியில் வாலைத்தான் வெட்டும். ஒரு கொக்கி மட்டும் போட்டால் பாதி மீனைத் தின்றுவிட்டு டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும். கொக்கிக்கு மேலே ஒரு முழம் மெல்லிய ஸ்டீல் வயர் கட்டாயம், இல்லாவிட்டால் நைலானைப் பல்லாலேயே அறுத்துவிடும். செத்த மீனைக் கோர்ப்பதாக இருந்தால் நேராகக் கோர்க்க வேண்டும், தண்ணீரில் சுழன்றால் கிட்டவே வராது. படகை மெதுவாக ஓட்ட வேண்டும். ரீலை இறுக்கி வைக்கக் கூடாது, முதல் ஓட்டத்தில் அது ஓடுகிற ஓட்டத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் அப்போதே எழுதினேன். இப்போதும் எழுதலாம், இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

நஷ்டம் வந்தது போட்டோவால்.

கடலடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தை அவர்கள் ‘பார்’ என்கிறார்கள். சின்ன மீன் பாரில் ஒதுங்கும். அதைத் தேடி வஞ்சிரம் வரும். கலைமணி எங்களைக் கூட்டிப் போனது அப்படி ஒரு பாருக்கு. கரையிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. வீடுகள் கூடத் தெரிந்தன. விடிந்து கொஞ்ச நேரத்தில் என் ராடு வளைந்தது. ரீல் கத்தியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்சாரி பின்னாலிருந்து திட்டத் திட்ட, எப்படியோ ஒரு வஞ்சிரத்தைப் படகில் ஏற்றிவிட்டேன். என் கையால் பிடித்த முதல் கடல் மீன்.

“போட்டோ எடுங்க, போட்டோ எடுங்க” என்று போனைக் கலைமணியிடம் நீட்டினேன்.

“இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க சார். அங்க வெயில் மூஞ்சில அடிக்கும்” என்றார்.

திரும்பினேன். வெயில் முதுகில் அடித்தது. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்தார். பார்த்தால் முகம் ஒரே இருட்டு, பின்னால் வெறும் கடல். நீலமாக ஒரு பெட்ஷீட் கட்டிய மாதிரி. இதை வைத்து நான் கடலில் இருக்கிறேன் என்று எப்படித் தெரியும்? ஊர் தெரிய வேண்டாமா? கரை தெரிய வேண்டாமா?

கலைமணி இன்ஜின் பக்கம் குனிந்தார். அன்சாரி இரை கோர்த்துக்கொண்டிருந்தான். நான் கரைக்கு முதுகு காட்டி நின்று, ஒரு கையில் மீன், ஒரு கையில் போன்… பல் முப்பத்திரண்டும் தெரிய ஒரு செல்ஃபி. அருமையாக விழுந்திருந்தது. கட்டுரையோடு அதைத்தான் அனுப்பினேன். போனை நீட்டிய கை குண்டாகத் தெரிகிறதே என்று, அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு.

இப்போது அன்சாரி போனில் விளக்கினான். ஏன் விளக்க வேண்டியிருந்தது என்பதில்தான் என் வெட்கமே இருக்கிறது.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் நடந்து போகிறீர்கள். ஓர் இடத்தில் செல்போன் டவர், பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைச் சரியாக மறைக்கிறது. நாலு அடி நகர்ந்தால் மறைக்காது. ஆக, மறைக்கிறபோது நீங்கள் அந்த ஒரே கோட்டின் மேல்தான் நிற்கிறீர்கள். இன்னொரு பக்கம் இதே மாதிரி இன்னொரு ஜோடி கிடைத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம் எதுவோ அதுதான் நீங்கள் நிற்கும் இடம். கடலில் பாருக்கு அடையாளம் இப்படித்தான் வைக்கிறார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகும் மனதில் இதுதான்.

என் செல்ஃபியில் எனக்கு இடப்பக்கம் ஒரு ஜோடி. வலப்பக்கம் ஒரு ஜோடி. நடுவில் நான், இளித்துக்கொண்டு.

எது எதை மறைத்தது என்று கேட்காதீர்கள்.

கட்டுரை வந்த வாரமே கடல் தெரிந்தவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார்கள். வெளியூர்ப் படகுகள் வந்தன. காரில் ராடு கட்டிக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டிகள் வந்தன. கடைசியாக வலைக்காரர்கள். பாரில் வலை மாட்டினால் கிழியும். கிழிந்த வலை அங்கேயே கிடந்து, யாருக்கும் பயன்படாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். அதுவும் நடந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். இது எங்களை மாதிரி வயல்காட்டு ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்களுக்கு நிலம் என்றால் சர்வே நம்பர், பட்டா, அடங்கல், நாலு பக்கமும் வரப்பு. வாய்க்காலுக்குத் தெற்கே மதகடி வயல் யாருடையது என்று டீக்கடையில் கேட்டால் ஊரே சொல்லும். சொன்னால் வயல் குறைந்தா போகும்? நடவு முடிந்ததும் வரப்பில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவன் நான். கடலில் பட்டா கிடையாது. வரப்பு கிடையாது. யாரும் போகலாம், இடம் தெரிந்தால். அந்தத் ‘தெரிந்தால்’ ஒன்றுதான் அவர்களுக்கு இருக்கிற வேலி. அதை நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

அன்றே கிளம்பிப் போனேன். அன்சாரி கூட வந்தான். வழியெல்லாம் அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கலைமணி வீட்டில்தான் இருந்தார். கடலுக்குப் போகவில்லை. “வாங்க சார், டீ சாப்பிடுறீங்களா” என்றார். வழக்கமாகச் சொல்கிற மாதிரியே சொன்னார். மன்னிப்பு என்று எதையோ உளறினேன்.

“என் மேலயும் தப்பு இருக்கு சார்” என்றார் அவர். “வெயிலு கியிலுன்னு சொல்லாம, கரை தெரியாம எடுத்துக்கங்கன்னு நேராவே சொல்லியிருக்கணும். வந்த விருந்தாளிகிட்ட, ஒங்களை நம்பலைங்கிற மாதிரி எப்படிச் சொல்றதுன்னு…”

இதை விட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வசந்தி டீ கொண்டுவந்து வைத்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. விஷயத்தை அவர்தான் சொன்னார்.

“பாரு போனாப் போவுதுங்க. பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். எங்க அண்ணன் வரமாட்டேங்குது.”

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவதா? அண்ணன் வரவில்லை என்றால், இந்த வீட்டோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஊருக்குச் சொல்வது போல.

அந்தப் பாரைக் கலைமணிக்குக் காட்டியது வசந்தியின் அப்பா. கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப் போய்க் காட்டினாராம். அவர் இப்போது இல்லை. இடம் தெரிந்தது இந்த மாப்பிள்ளைக்கும், பெரியவரின் மகன், அதாவது வசந்தியின் அண்ணன் சேகருக்கும் மட்டும். அதனால் சேகருக்குச் சந்தேகமே இல்லை. தான் சொல்லவில்லை, ஆகவே சொன்னது கலைமணி.

“நீங்க எடுத்துச் சொல்லலையா?” என்று கலைமணியிடம் கேட்டேன்.

“சொன்னேன் சார். போட்டோ எடுத்ததே நீதானடாங்கிறான். பேப்பர்ல பார்த்தா அப்படித்தான் தெரியுது. வேற ஆள் எடுத்த மாதிரி.”

எனக்குச் சுருக்கென்றது. நீட்டிய கையை வெட்டியது நான்தானே. அந்தக் கை இருந்திருந்தால் செல்ஃபி என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கும். என் கை குண்டாகத் தெரியக் கூடாது என்பதற்காக இந்த மனுஷர் துரோகி ஆகியிருக்கிறார்.

“வேணாம் சார், அவன் கோவக்காரன்” என்று கலைமணி தடுத்தும் கேட்காமல் சேகரைத் தேடிப் போனேன். ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து பேர். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகம் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“தம்பி, உங்க மச்சான் என்கிட்ட எதுவும் சொல்லல. இந்த போட்டோவை நான்தான் எடுத்தேன்” என்று போனை நீட்டினேன்.

முதலில் கலைமணி எடுத்த படம். நான், மீன், இருட்டடித்த முகம், பின்னால் மொட்டைக் கடல்.

“இது யாரு எடுத்தது?”

“உங்க மச்சான்.”

அடுத்தது. வெட்டாத செல்ஃபி.

“இது?”

“நான்.”

“அவன் எங்க?”

விரல் வைத்துக் காட்டினேன். படத்தின் ஓரத்தில், என் குண்டுக் கைக்குக் கீழே, இன்ஜின் மேல் குனிந்த ஒரு முதுகு. நீலச் சட்டை. கையை மறைக்க ஆசைப்பட்டு வெட்டியபோது அந்த முதுகையும் சேர்த்து வெட்டியிருந்தேன்.

சேகர் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மொட்டைக் கடலை ரொம்ப நேரம் பார்த்தார். அதை அப்படி எடுக்க, எந்தப் பக்கம் நின்று எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

“அப்பா எனக்கு முன்னாடி அவனுக்குத்தான் சார் காட்டுனாரு” என்றார், யாரிடமோ சொல்வது போல. “அந்தக் கோவம் எனக்கு எப்பவும் உண்டு. அதான், இதுவா இருக்கும்னு சட்டுனு நம்பிட்டேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“போட்டோல நல்லா சிரிக்கிறீங்க சார்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுற்றி நின்றவர்களில் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது சேகர் கூப்பிட்டார். “அவன் காட்டிக்குடுக்கலன்னு எழுதுங்க. எந்த பேப்பர்ல அசிங்கமாச்சோ அதே பேப்பர்ல. பேரைப் போட்டு எழுதுங்க. எடத்தைப் போடாதீங்க.”

எழுதுகிறேன். கலைமணி யாரிடமும் சொல்லவில்லை. கலைமணி அந்த இடத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். காட்டிக்கொடுத்தவன் நான்.

இணையத்திலிருந்து படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை யார் எடுப்பது? பார் இருக்கிறது, கிழிந்த வலையைப் போர்த்திக்கொண்டு. மீன் பழையபடி வருமா என்று கலைமணியிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

போன வாரம் காதுகுத்து. எனக்கும் அழைப்பு வந்திருந்தது. போகாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். அன்சாரிதான் இழுத்துப் போனான். சேகர் வந்திருந்தார், தட்டுத் தட்டாகச் சீரோடு. மடியில் உட்கார்ந்த பாப்பா ஊசியைப் பார்த்ததும் மாமன் சட்டையைக் கடித்துவிட்டது. வசந்தி அழுதுகொண்டே சிரித்தார்.

பந்தியில் எல்லோருக்கும் ஆட்டுக்கறி பிரியாணி. என் இலையில் மட்டும் கூடுதலாக ஒரு துண்டு வஞ்சிரம் வறுவல், கலைமணியே கொண்டுவந்து வைத்தார்.

“ஒங்களுக்குப் புடிக்கும்ல சார், அதான்.”

எனக்கு ஒரு நப்பாசை. “நம்ம பார்ல புடிச்சதா?” என்று கேட்டுவிட்டேன்.

“இல்லீங்க” என்றார். “ஏலத்துல வாங்குனது.”

அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் அந்தத் துண்டை முள் கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.