மூணு சாடுது

எங்கள் வீட்டு வண்டிக்கு ரெண்டே கதவு, ரெண்டே இருக்கை. நல்ல சிவப்பு. தரையோடு தரையாகக் கிடக்கும். வேகத்தடை வந்தால் நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வேன், என்னவோ நான் ஒல்லியானால் வண்டி உயரும் என்பது போல. ஆயுசில் பாதியை மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டியே கழித்த என் வீட்டுக்காரர், "இனி போவ மாட்டேன்" என்று ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் கொச்சிக்குப் போய், யாரோ ஓட்டிச் சலித்த அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்தார். அருமனையில் என் துணிக்கடை வாசலில் அது வந்து நின்றபோது நான் பேசியதை முழுதாக எழுத முடியாது. "பிராந்தா உங்களுக்கு? இதுல ஒரு துணி மூட்டைய ஏத்த முடியுமா?" என்பது மட்டும் அச்சில் வரலாம்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். வண்டி வருவதற்கு முன் அவர் எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளியாக இருந்தார். சீனி டப்பா எங்கே என்று கேட்பார். டிவி முன்னால் உட்கார்ந்து, நான் கடைக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பார். வண்டி வந்த பிறகு விடிந்ததும் குளித்து, தலை சீவி, முட்டம் வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, சாளையும் வாங்கிக்கொண்டு வருவார். ஸ்போர்ட்ஸ் காரில் மீன் வாடை அடிக்கும் ஊர் உலகத்திலேயே எங்கள் ஊர்தான். நான் திட்டினேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முடியும்போது வண்டிக்குச் சீக்கு வந்தது. முதல் கியரில் போட்டு எடுத்தால் உதறிக்கொண்டு ஒரு குதி குதிக்கும். அது போதாதென்று, ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அவர் இடது கையால் கியர் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். "என்ன ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். இந்த "ஒண்ணுமில்ல" இருக்கிறதே, கல்யாணமானதிலிருந்து போனில் நான் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல்.

அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து பழைய கம்பெனி போனில் விளித்தது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வர முடியுமா என்று அர்பாப், அதாவது அங்கத்திய முதலாளி, கேட்டாராம். அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இதை அவர் சோறு தின்றுகொண்டே, ஊறுகாய் கேட்பது மாதிரி சொன்னார். "நீங்க என்ன சொன்னிய?" என்றேன். "பாப்போம்" என்றார். போவ மாட்டேன் என்று வந்த மனுஷன் பாப்போம் என்கிறார் என்றால், பாதி பிளேன் ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

வண்டி சரியானால் ஆளும் சரியாவார் என்று நான் முடிவு கட்டினேன். இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே கோயம்புத்தூரில் ஒரு பட்டறை இருப்பதாக யாரோ சொல்ல, நானே போன் போட்டேன்.

"மூணு சாடுது," என்றேன்.

"என்னங்க?"

"மூணாவது கியர் சாடுது."

"சாடுதுங்களா? யாரைங்க?"

எனக்கு வந்ததே கோபம். எங்கள் பக்கத்தில் சாடுவது என்றால் குதிப்பது. குளத்தில் சாடுவோம், மதில் சாடுவோம், பஸ் நிற்பதற்கு முன் சாடி இறங்குவோம். அவர்கள் ஊரில் சாடுவது என்றால் மேடையில் நின்று ஒருவரைத் திட்டுவது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. "சாடுதுன்னா குதிக்குது ஐயா, குதிக்குது!" என்று கத்தினேன்.

"ஓ, வண்டி குதிக்குதுங்களா? எடுக்கும்போதுங்களா?"

"ஆமா, எடுக்கும்போதுந்தான்."

"அப்ப கிளட்ச்சுதானுங்க. செட்டு அனுப்பி வைக்கிறேன், உங்கூர்லயே போட்டுக்கலாங்க."

கிளட்ச்தான் என்றதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பார்சல் வந்ததும் அவரையும் வண்டியையும் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் சரியான வாயாடி. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, "அண்ணே, இதுக்குள்ள ஏறுகதுக்கு யோகாசனம் படிக்கணுமே" என்று சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சொல்லுங்கக்கா, என்ன சீக்கு?"

"சாடுது. கிளட்ச்சு."

"எது சாடுது? வண்டி சாடுதா, கியர் சாடுதா?"

இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பட்டறை வாசல் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும்," என்றார் மெல்ல.

டிரெய்லர் ஓட்டிய கைக்கு வண்டி சாடுவதற்கும் கியர் சாடுவதற்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? "தெரிஞ்சிருந்தும் வாயத் தொறக்கலியா?" என்று கேட்டேன்.

பட்டறைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து அடியில் படுத்து, விரலில் எண்ணெயோடு எழுந்தார். அவர் வாயில் கியர்பாக்ஸுக்குப் பெட்டி என்று பெயர். "பெட்டிக்க முன்னால ஒரு சீல் உண்டு. அது கசிஞ்சு கிளட்ச் பிளேட்டு எண்ணெயில ஊறுது, அதாக்கும் வண்டி சாடுகது. புது பிளேட்ட போட்டாலும் அதும் எண்ணெயக் குடிச்சிட்டு சாடும். கியர் சாடுகது பெட்டிக்குள்ள உள்ள சோலி. எப்படிப் பாத்தாலும் பெட்டிய இறக்கணும். இறக்கின கையோட தொறந்து பாத்து ரெண்டையும் முடிச்சிரணும்."

"சீல மாத்தி கிளட்ச்ச போடு. பெட்டிய தொறக்காண்டாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"இறக்கின பெட்டிய தொறக்காம ஏத்தவா? நாளைக்கு திரும்ப இறக்க நான் வர மாட்டேன், கேட்டியளா." பட்டறைக்காரர், நீங்களே பேசி முடிவு பண்ணுங்க என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

பலா மரத்தடியில் நாங்கள் ரெண்டு பேரும் நின்றோம். "தொறந்து பாத்தா என்ன?" என்று கேட்டேன்.

"உள்ள கியர் சக்கரத்துல பல்லு போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. இந்த வண்டிக்கு வேற பெட்டி கிட்டாது. வந்த விலைக்கு ஒழிச்சிட்டு, அர்பாப்கிட்ட சரின்னு சொல்ல வேண்டியதுதான்."

"வண்டி போனா நீங்க எதுக்குப் போணும்?"

"இங்க எனக்கு வேற என்ன சோலி இருக்கு?"

சண்டைக்கு நிறைய சொல் எடுத்து வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. பட்டறை வாசலில், கிரீஸ் பட்ட கைகளோடு போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க அழுதேன். "நானு? கடை? நான் ஒத்தைக்கி மூட்டை சுமந்துட்டுக் கெடக்கேனே, அது உங்க சோலி இல்லியா?" என்றேன்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நேராக டீக்கடைக்குப் போய்ப் பட்டறைக்காரரிடம், "ரெண்டையும் செய்யுங்க. கிளட்ச்சும் பெட்டியும். தொறங்க" என்றேன். பல் போயிருந்தால் போகட்டும். சாடுமோ சாடுமோ என்று அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு மனுஷன் எத்தனை காலம் ஓட்டுவது? திரும்பி வந்தபோது அவர் மரத்தடியில் இல்லை. ரோட்டோரமாக நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போகவில்லை.

பெட்டியைத் திறந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு அவரோடு போய் நின்றேன். ஒரு இரும்புச் சாமானை நான் இவ்வளவு கும்பிட்டது அதுதான் முதல் தடவை. பட்டறைக்காரர் ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய வாய் மூடியிருந்தது எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது.

"பல்லு ஒண்ணும் போகல்ல, அண்ணே," என்றார் கடைசியில். "இந்தா, இந்த ஸ்பிரிங் ஒடிஞ்சிருக்கு. கியர தள்ளுக இந்தக் கவை தேஞ்சிருக்கு. இதுக்காக்கும் இத்தனை சாட்டம்."

நான் அங்கே கிடந்த பழைய டயரில் பொத்தென்று உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இத முதல்லயே சொல்லப்படாதா?" என்று பட்டறைக்காரரைப் பிடித்து ஏசினேன்.

"தொறக்காம எப்படிக்கா சொல்லுகது?" என்றார் பாவம்.

கவைக்கும் ஸ்பிரிங்குக்கும் மறுபடி கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "மூணாவது கியர் கழண்டு வெளிய வருது" என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னார். அந்தப் பக்கம், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றது எனக்கும் கேட்டது.

"சொன்னேம்லா, சாடுதுன்னு!" என்று நான் இங்கிருந்தே கத்தினேன்.

வண்டி கைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். ஏறி உட்கார்ந்தோம். உதறல் இல்லாமல், குதி இல்லாமல், வெண்ணெயாக வழுக்கிப் புறப்பட்டது. அர்பாப் கெடு வைத்த வெள்ளிக்கிழமை மறுநாள்தான் என்பது மட்டும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ரப்பர் தோட்டத்து இறக்கம் வந்தது. மூன்றாவது கியர். பழக்க தோஷத்தில் அவர் கை கம்பியை அமுக்கிக்கொண்டிருந்தது.

"கைய எடுங்க," என்றேன்.

எடுத்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுத்தார். கம்பி இருந்த இடத்தில் இருந்தது. இறக்கம் முடியும்வரை ரெண்டு பேரும் ரோட்டைப் பார்க்காமல் அந்தக் கம்பியையே பார்த்தோம். நல்ல வேளை, எதிரே பஸ் எதுவும் வரவில்லை.

"நாளைக்கு அர்பாப்கிட்ட என்ன சொல்லப் போறிய?" என்று கேட்டேன்.

"அது எப்பமோ சொல்லியாச்சு."

"எப்பம்?"

"நீ டீக்கடைக்குப் போனேல்லா, அப்பம். வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிட்டேன்."

பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே. பல் இருக்கிறதா போச்சா என்று தெரிவதற்கு முன்னாலேயே. நான் உறக்கமில்லாமல் கிடந்து, இரும்பைக் கும்பிட்டு, ஒரு வாயாடியை ஏசி, டயரில் உட்கார்ந்து அழுது! "ஏன் மனுஷா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"ஏட்டி, வண்டி ஓட்டுகேன்லா," என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கு எங்கயோ போயி துணி எடுக்கணும்னு சொன்னியே, எத்தனை மூட்டை இருக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு. இதுல ஒண்ணுதான் ஏறும்."

"அப்பம் ரெண்டு தடவ போயிட்டு வாறேன்," என்றார்.